வரைபடத்தில் டவர் இருக்கிறது, வீட்டில் இல்லை: குமரி மாவட்டத்தில் இணைய வரைபடங்களைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரம் பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று வருகிறவர்களில் நிறையப் பேர் பேச்சிப்பாறைக்கு மேலே இருந்து பஸ் ஏறி வருகிறார்கள். சில வேலைகளை அவர்கள் வீட்டில் இருந்தே போனில் முடித்துவிடலாம். ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அங்க ரேஞ்சு இல்ல." போன் நிறுவனத்தின் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், அவர்கள் வீடு இருக்கிற மலைச்சரிவு முழுக்க நிறம் பூசிக் கிடக்கிறது. இது என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வீடு வீடாகப் போய் அளக்கத் தொடங்கினோம். அதன் பிறகு பலரும் பல கேள்விகள் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்த வரைபடங்களை யார் வரைகிறார்கள்?

போன் நிறுவனங்களே வரைகின்றன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி சேவை எங்கெங்கே கிடைக்கும் என்பதை வரைபடமாகத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அதற்கு முன்பும் சில நிறுவனங்கள் தாமாகவே போட்டுவந்தன. இப்போது கட்டாயம். அது நல்ல விஷயம், ஏனென்றால் கையில் வரைபடம் இருந்தால்தான் "இது தப்பு" என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

எங்கள் ஊர் முழுக்க நிறம் இருக்கிறது. வீட்டில் டவர் இல்லை. அப்படியானால் வரைபடம் பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன். அது ஒரு கணிப்பு. அந்த நிறம் இருக்கிற இடத்துக்கெல்லாம் யாரும் நேரில் போய்ப் பார்த்து வரைந்ததில்லை. டவர் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி, சுற்றிலும் நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் கணினியில் கொடுத்தால், இவ்வளவு தூரத்தில் இவ்வளவு சிக்னல் இருக்கும் என்று அது கணக்குப் போட்டுத் தரும். இந்தக் கணக்குகளில் பழையதும் பெயர் பெற்றதும் ஒக்குமுரா, ஹாட்டா என்ற இரண்டு ஜப்பானியர்களுடையது. ஒக்குமுரா டோக்கியோ வட்டாரத்தில் அளந்து 1968இல் வெளியிட்டார். அந்த அளவுகளை ஹாட்டா 1980இல் சூத்திரமாக்கினார். இன்றைக்கு ஓடும் கணக்குகள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

டோக்கியோவைப் பார்த்து எழுதிய கணக்கை நம் ஊருக்குப் பொருத்தும்போது ஊருக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். நம் மாவட்டம் சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயல்வெளி, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேடு பள்ளம், ரப்பர் தோட்டம், காடு எல்லாம் வந்துவிடுகின்றன. கடல்மட்டத்தில் தொடங்கும் நிலம் நெல்லை எல்லையில் மகேந்திரகிரிக்குப் போவதற்குள் 1,600 மீட்டரைத் தாண்டிவிடும். ஆரல்வாய்மொழி வெட்டவெளியில் சரியாக வருகிற கணக்கு கோதையாறு மலைச்சரிவில் அப்படியே வராது.

நிலத்தின் உயரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படுவது 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ரேடாரால் எடுத்த உயரத் தரவு. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த ரேடார் அடர்ந்த காட்டில் தரைவரை முழுசாக இறங்கவில்லை. பல இடங்களில் மரத்தின் மண்டையையே நிலமட்டமாக எடுத்துக்கொண்டது. வீடோ மரத்துக்கு அடியில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த வரைபடங்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கிடைக்கும் சிக்னலைச் சொல்பவை. கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டினாலே 10 முதல் 20 டெசிபல் வரை போய்விடும். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. முற்றத்தில் வாட்ஸ்அப் போகிறது, அடுக்களையில் போகவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வரைபடம் கொஞ்சம் தப்பாக இருந்தால் என்ன? சிக்னல் இல்லாதவனுக்குத் தெரியாதா இல்லை என்று?

அவனுக்குத் தெரியும். பணம் ஒதுக்குகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பட்டியலையும் வரைபடத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இப்படி ஒரு திட்டம் வரும்போது "எட்டாத இடம்" என்ற பட்டியலில் பெயர் இருக்கிற ஊருக்குத்தான் டவர் வரும். உங்கள் ஊருக்கு மேல் ஏற்கெனவே நிறம் பூசியிருந்தால், உங்களுக்குத் தேவையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

எனவே வரைபடத்தில் வரும் இரண்டு வகைத் தப்பும் ஒன்றல்ல. சிக்னல் இருக்கிற இடத்தை இல்லை என்று காட்டினால் நட்டம் குறைவு. யாராவது வந்து பார்த்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். இல்லாத இடத்தை இருக்கிறது என்று காட்டினால், அங்கே யாரும் வந்து பார்க்கக்கூட மாட்டார்கள். நான் இதை எழுதுவதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான். எந்தக் கணக்கு போட்டாலும் இந்தப் பொய்யான "இருக்கிறது"வைத் தனியாக எண்ணுங்கள்.

வேறு எங்காவது இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் அடிபட்டுக் கற்றார்கள். அங்கே வெகுகாலம் நிறுவனங்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டங்களை வைத்துக் கணக்குக் கொடுத்தன. ஒரு வட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடிந்தாலும் வட்டம் முழுக்க இணைப்பு இருப்பதாகக் கணக்கு. நகரத்தில் வட்டம் சின்னது, பாதகமில்லை. கிராமப்புறத்தில் ஒரு வட்டம் பல சதுர மைல் இருக்கும். சாலையோரம் ஒரு வீடு, உள்ளே நாற்பது வீடு என்றால் நாற்பதும் அந்த ஒன்றின் பேரில் மறைந்துபோகும்.

மொபைல் வரைபடத்தை அங்கே அரசே சோதித்தது. தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் ஊழியர்கள் சுமார் 10,000 மைல் வண்டியில் போய் அளந்தார்கள். 2019 டிசம்பரில் வந்த அறிக்கையின்படி, வரைபடம் சொன்ன குறைந்தபட்ச வேகம் கிடைத்தது 62.3 சதவீத அளவீடுகளில்தான். அதன் பிறகு 2020 மார்ச்சில் சட்டம் வந்தது. 2022 நவம்பரில் வீடு வீடாகப் புள்ளி வைத்த புதிய வரைபடம் வந்தது. "என் வீட்டுக்கு இது இல்லை" என்று எந்தக் குடிமகனும் அந்த வரைபடத்திலேயே மறுப்புப் பதியலாம். நம் நாட்டு வரைபடங்களுக்கும் இந்த மறுப்பு வசதி வர வேண்டும் என்பது என் ஆசை. இருப்பதைக் காட்டும் பொறுப்பு நிறுவனத்துக்கு என்றால், இல்லாததைக் காட்டும் வாய்ப்பு மக்களுக்கு வேண்டும்.

அந்தச் சட்டம் இன்னொரு காரியமும் செய்தது. 4ஜி வரைபடத்தின் எல்லைக்கோட்டுக்கு அர்த்தம் வகுத்தது. கோட்டின் ஓரத்தில் நின்றாலும் பத்தில் ஒன்பது முறை, டவரில் பாதிச் சுமை இருக்கும்போதும், நொடிக்கு 5 மெகாபிட் இறங்க வேண்டும், 1 மெகாபிட் ஏற வேண்டும். இந்த அர்த்தம் இல்லாத வரைபடத்தைச் சோதிப்பது, அளவு சொல்லாமல் விற்ற பாலைச் சோதிப்பது போல.

சரி, அப்படியானால் "கிடைக்கிறது" என்பதற்கு நாம் என்ன வரம்பு வைப்பது?

நம் நாட்டில் பிராட்பேண்டுக்கான வரையறை 2004இல் நொடிக்கு 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 தொடக்கத்தில் இருந்து 2 மெகாபிட். நாங்கள் அந்த 2 மெகாபிட்டையே வைத்தோம். சட்டம் சொல்கிற குறைந்தபட்சமே கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் "நீ அதிகம் எதிர்பார்க்கிறாய்" என்று வாயடைக்க முடியாது. ஒரு வீட்டில் வெவ்வேறு நேரங்களில் பத்து முறை அளந்தால் எட்டு முறையாவது அந்த வேகம் வர வேண்டும், அப்போதுதான் "கிடைக்கிறது". இந்த எட்டு எங்கள் முடிவு. நீங்கள் ஒன்பது வைக்கலாம். எதை வைத்தாலும் அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். அளந்த பிறகு வரம்பை மாற்றினால் உங்கள் கணக்கை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

வேகத்தோடு சிக்னலின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் அமைப்புகளுக்குள் போய் சிம் நிலையைப் பார்த்தால் மைனஸ் 85, மைனஸ் 110 என்று ஒரு எண் இருக்கும். அது டி.பி.எம். கணக்கு, அதாவது சிக்னலின் சக்தியைச் சொல்லும் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜிக்கு மைனஸ் 85 நல்ல சிக்னல், மைனஸ் 100 சுமார், மைனஸ் 115க்குக் கீழே போனால் சாகக் கிடக்கிறது. திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். நாலு கோடு எப்போது, இரண்டு கோடு எப்போது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது.

சிக்னல் நன்றாக இருந்து வேகம் மட்டும் வரவில்லை என்றால் வரைபடத்தைக் குறை சொல்ல முடியாது. டவரில் கூட்டம், அல்லது டவருக்குப் பின்னால் வரும் கேபிளில் நெருக்கடி. அது வேறு புகார், வேறு இடத்தில் சொல்ல வேண்டியது.

எந்த வீடுகளில் அளப்பது?

இதில்தான் பெரும்பாலான அளவீடுகள் கெட்டுப்போகின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிராய் நடத்துவதும் நிறுவனங்கள் தாமே நடத்துவதும் பெரும்பாலும் வண்டியில் போய் அளப்பது. வண்டி சாலையில்தான் போகும். டவரும் சாலையை ஒட்டித்தான் நிற்கும். குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை அணை வரை காரில் போய் அளந்தால் வரைபடம் நன்றாகவே தேறும். சாலையை விட்டு ஓடைப்பக்கம் இருநூறு மீட்டர் இறங்குங்கள், கதை மாறும்.

நம் ஊர் அமைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம் கிராமம் என்றால் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே இடத்தில் இருக்கும். நடுவில் கோயில், சுற்றிலும் வயல். அங்கே ஊரின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அளந்தால் ஊர் முழுக்க ஏறக்குறைய தெரிந்துவிடும். கல்குளம், விளவங்கோடு பக்கம் அப்படியில்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தன் தோட்டத்துக்குள், தனியாக இருக்கிறது. கீழே ஏலா என்கிற வயல், மேலே மேடு, இடையில் வீடுகள். "கிராமம்" என்று ஒரு புள்ளி வைத்தால் அது ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும்.

அதனால் பரப்பளவை வைத்துச் சதவீதம் போடாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். காட்டில் ஆளில்லாத சரிவுக்குச் சிக்னல் இல்லாததில் யாருக்கும் நட்டமில்லை. வீட்டுவரிப் பட்டியலையோ வாக்காளர் பட்டியலின் கதவு எண்களையோ எடுத்து, முதல் எண்ணைச் சீட்டுக் குலுக்கி, அதில் இருந்து பத்துக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போங்கள். தெரிந்தவர் வீடு, காபி கிடைக்கும் வீடு, வண்டி போகும் வீடு என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கலில் ஒரு மேட்டு வீடு வந்தால் மூச்சு வாங்கினாலும் ஏறத்தான் வேண்டும்.

பிறகு ஊரை இரண்டு மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தனியாக எடுங்கள்: சாலையோரம், உள்பக்கம், மலை. எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் உள்பக்கத்தின் கஷ்டம் சாலையோரத்தின் நிறைவில் கரைந்துபோகும்.

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போவதானால் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். குடியிருப்பில் மூட்டுக்காணியிடம், அதாவது அவர்கள் தலைவரிடம் பேசி, எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே போனை எடுங்கள். சில இடங்களுக்குப் படகு, சில இடங்களுக்கு ஜீப். ஒரு நாளில் நாலு வீடு அளந்தாலே பெரிசு. அந்த நாலு வீட்டை விட்டுவிட்டால் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் அளக்கப் போன காரியமே நடக்காது.

சதவீதத்தை எப்படிப் போடுவது? எண் வைத்துச் சொல்லுங்கள்.

புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. உண்மையான அளவீடு இல்லை. 200 வீடு அளந்தோம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் 170 வீட்டில் "உண்டு" என்கிறது, 30 வீட்டில் "இல்லை" என்கிறது. நேரில் பார்த்தால் அந்த 170இல் 119 வீட்டில்தான் கிடைக்கிறது. அந்த 30இல் 24 வீட்டில் உண்மையிலேயே இல்லை, 6 வீட்டில் கிடைக்கிறது.

மொத்தத்தில் வரைபடம் சரியாகச் சொன்னது 119உம் 24உம் சேர்த்து 143 வீடு, அதாவது 71.5 சதவீதம். பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வரைபடம் "உண்டு" என்றால் எத்தனை முறை உண்மை? 170இல் 119, அதாவது 70 சதவீதம். பொய்யான "உண்டு" 51 வீடு. அந்த 51 வீடும் எந்தப் பட்டியலிலும் வராமல் விடுபடப் போகிறவை.

இப்போது அந்த 170ஐப் பிரியுங்கள். சாலையோரம் 90 வீடு, அதில் 84 சரி, 93 சதவீதம். உள்பக்கம் 80 வீடு, அதில் 35 சரி, 44 சதவீதம். அதாவது, உள்பக்கத்து வீட்டைப் பொறுத்தவரை அந்த வரைபடத்தைப் பார்ப்பதும் காசைச் சுண்டிப் போடுவதும் ஒன்றுதான். 71.5 என்ற எண்ணுக்குள் இது ஒளிந்திருந்தது.

எத்தனை வீடு அளந்தால் போதும்?

குலுக்கல் முறையில் எடுத்த 100 வீட்டுக்குக் கணக்கு மேலும் கீழும் 10 சதவீதம் வரை ஆடலாம். 400 வீட்டுக்கு 5 சதவீதம். பிழையைப் பாதியாக்க வேலையை நாலு மடங்காக்க வேண்டும். மேலே சொன்ன 80 உள்பக்க வீட்டில் 44 சதவீதம் என்றால், உண்மை 33க்கும் 55க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்லலாம். அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே சரிவில் அடுத்தடுத்த பத்து வீட்டை அளந்தால் அது பத்து சாட்சி ஆகாது. ஒருவர் சொன்னதையே பத்துப் பேர் திருப்பிச் சொல்வது போல. இடத்தைப் பரப்புங்கள்.

போனில் அளக்கும்போது எதில் ஏமாந்துபோவோம்?

முதலாவது, தினசரி டேட்டா. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்று பேக் போட்டிருப்போம். அது தீர்ந்ததும் வேகத்தை 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் அளப்பது எல்லாம் குப்பை. எங்களில் ஒருவர் ஒரு மத்தியானம் முழுக்க அளந்துவிட்டு வந்து, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மோசமாக இருக்கிறதே என்று பார்த்தால் இதுதான். அன்றைய தாளை அப்படியே கிழித்தோம்.

வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு சிம் போட்ட போனில் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்குப் போனதும் ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்கள். இல்லையென்றால் போன் பழைய டவரையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே மாடல் போன்தான் இருக்க வேண்டும். சில மலிவுப் போன்கள் எல்லா அலைவரிசையையும் பிடிக்காது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைதான் மலைக்குள் தூரம் போகும், அதையே அந்தப் போன் பிடிக்கவில்லை என்றால் குற்றம் டவரின்மேல் விழும்.

ஜி.பி.எஸ். இடம் காட்டுவதில் மரத்தடியில் தவறு வரும். ஒரு நிமிடம் வெட்டவெளியில் நின்று, புள்ளி நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். நேரம் மூன்று: காலை, பிற்பகல், இரவு எட்டு முதல் பத்துக்குள். இரவைத் தவறவிடாதீர்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போன் பார்க்கிற நேரம் அது. ஒவ்வொரு முறையும் முற்றத்தில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. வரைபடத்தோடு ஒப்பிடுவதற்கு முற்றத்து அளவை எடுங்கள், அதுதான் நியாயம். வீட்டுக்குள்ளான அளவைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், அதில் வாழ்பவர்களுக்கு அதுதான் தேவை.

சிக்னலே இல்லாத இடத்தில் வேகச் சோதனை ஓடாதே, அங்கே எப்படி?

நோட்டும் பேனாவும். இடம், நேரம், "இல்லை". அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரி எல்லா வரிகளிலும் பெரிது.

இணையத்தில் மக்கள் செய்த வேகச் சோதனைகளைத் திரட்டித் தரும் தரவுகள் இருக்கின்றன. ஊக்லா நிறுவனம் பூமியைச் சுமார் 600 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிறது. டிராயின் மைஸ்பீட் செயலி 2016 முதல் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துங்கள், நகரப் பகுதிக்கு நல்ல உதவி. ஆனால் சிக்னல் இல்லாத வீட்டில் இருந்து ஒரு சோதனையும் அங்கே போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தால்தானே அது எண்ணப்படும்? ஒரு கட்டத்தில் பத்துச் சோதனை இருந்தால் பத்தும் அந்தக் கட்டத்தின் நல்ல முனையில் இருந்து வந்தவையாக இருக்கலாம். சராசரி போட்டால் ஊர் செழிப்பாகத் தெரியும். கட்டம் காலியாக இருந்தால், அங்கே ஆளில்லையா, ஆள் இருந்து சிக்னல் இல்லையா என்று அந்தத் தரவு சொல்லாது. நேரில் போனவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த மாதத்தில் அளப்பது நல்லது?

ரப்பர் இருக்கிற ஊருக்கு இது பெரிய கேள்வி. மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். அப்போது அளந்தால் சிக்னல் கொஞ்சம் தாராளமாக இருக்கும். தளிர்த்து இலை மூடிய பிறகு குறையும். மழையில் இலை நனைந்தால் இன்னும் குறையும், ஈர இலை அலையை உறிஞ்சிக்கொள்ளும். நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பால் வெட்டு முடிந்து மரத்தை முறித்து மறுநடவு செய்த தோட்டத்துக்கு அருகில் இருக்கும் வீட்டில் சில வருஷம் டவர் நன்றாகக் கிடைக்கும். கன்று மரமானதும் போய்விடும். எனவே வருஷத்தில் இரண்டு முறை அளங்கள்: இலை உதிர்ந்த காலத்தில் ஒன்று, ஆடி அல்லது ஐப்பசி மழையில் ஒன்று. ஒருமுறைதான் முடியும் என்றால் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அவசரம் வருவது பெரும்பாலும் அப்போதுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் இல்லாமல் டவர்களும் ஓய்ந்தன. கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் டவர் நிற்கும் என்பதை எந்த நிற வரைபடமும் காட்டுவதில்லை. அதையும் நாங்கள் நோட்டில் எழுதி வருகிறோம்.

ஃபைபர், கேபிள் இணைப்புக்கும் இதே முறையா?

இல்லை, அது சுலபம். இணைப்புக் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் உங்கள் தெரு இருக்கும், இணையதளம் "உண்டு" என்று சொல்லும், கேபிள்காரரைக் கூப்பிட்டால் "போர்ட் காலி இல்லை" என்பார், அல்லது "அங்கே கொண்டுவர நாலு போஸ்ட் போட வேண்டும், செலவு உங்களுடையது" என்பார். அமெரிக்க விதி இதை அழகாக வகுக்கிறது: கேட்ட பத்து வேலை நாளுக்குள், லைன் நீட்டிக்கும் செலவைக் கேட்காமல் கொடுக்க முடிந்தால்தான் அந்த வீட்டில் சேவை "உண்டு". அதே அளவுகோலை வைத்து, கேட்ட தேதி, வந்த பதில், சொன்ன தொகை மூன்றையும் எழுதுங்கள்.

அரசு ஃபைபரில் ஒரு சங்கதி. ஃபைபர் இணையத்தைக் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011இல் தொடங்கியபோது கிராம ஊராட்சிகளை மனதில் வைத்தது; தமிழ்நாட்டில் மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட் அதை 12,525 ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சி 95தான். பேரூராட்சியோ ஐம்பதை ஒட்டி இருக்கிறது. பெயருக்குப் பேரூராட்சி, உள்ளே போனால் ரப்பரும் மலையும் என்று பல இடங்கள். "ஊராட்சிகள் முடிந்தன" என்று ஒரு கணக்கு வந்தாலும் அந்த இடங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும். அது மட்டுமல்ல, ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வருவதும் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல.

களியக்காவிளை, நீரோடி பக்கம் கேரள டவர் பிடிக்கிறதே, அதை எப்படி எண்ணுவது?

கிடைக்கிறது என்றே எண்ணுங்கள், வீட்டுக்காரருக்குச் சிக்னல்தான் வேண்டும். ஆனால் எந்த டவர் என்று தனியாகக் குறியுங்கள். வரைபடங்கள் தொலைத்தொடர்பு வட்டம் வாரியாக வருகின்றன. தமிழ்நாட்டு வரைபடத்தைச் சோதிக்கும்போது கேரள டவரின் புண்ணியத்தை அதன் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

கடலில்?

கரையில் இருந்து பார்க்கும்போது தண்ணீர்மேல் டவரின் ரேடியோ அலை நன்றாகப் போகும், தடுக்க மரமும் இல்லை மலையும் இல்லை. கரையோரம் போய்வரும் வள்ளங்களுக்கு ஓரளவு கிடைக்கும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் போகிற தூரத்துக்குத் தரையில் நிற்கும் எந்த டவரும் எட்டாது. அது செயற்கைக்கோள் விஷயம், இந்த முறைக்குள் வராது.

அளந்தாகிவிட்டது. யாரிடம் கொடுப்பது?

முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள், பதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. தனித்தனிப் புகாரைவிட ஊரின் குரலுக்கு எடை அதிகம். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, அன்றைக்கு ஆள் வருவார்கள். தீர்மானத்தோடு வீட்டு எண், தேதி, நேரம், அளவு, வரைபடத்தின் அதே நாளைய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் டிராய்க்கும் அனுப்புங்கள். வரைபடத்தைப் படம் பிடித்து வைக்க மறந்துவிடாதீர்கள். நிறுவனம் அதை மாற்றிவிட்டால் நீங்கள் எதோடு ஒப்பிட்டீர்கள் என்று காட்ட வழியிருக்காது.

ஆட்களின் பெயரையும் போன் எண்ணையும் அந்தத் தாளில் போட வேண்டாம். வீட்டு எண் போதும்.

ஒருமுறை அளந்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. புது டவர் வரும், பழைய 3ஜி அணையும், மரம் வளரும், மாடி எழும்பும். நாங்கள் முதல் சுற்றில் அளந்த வீடுகளில் ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் மறுபடி போகிறோம். மீதியைப் புதிதாகக் குலுக்குகிறோம். பழைய வீடு மாற்றத்தைச் சொல்லும், புதிய வீடு நாங்கள் பழகிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகாமல் பார்த்துக்கொள்ளும். வருகிற ஐப்பசிச் சுற்றுக்குக் குலுக்கியதில் அணைக்கு அக்கரையில் மூன்று வீடு வந்திருக்கிறது. படகுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கூட வர விருப்பம் இருந்தால் ஒரு நோட்டும், டேட்டா தீராத ஒரு சிம்மும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.